‘டிராஃபிக் இன் சைட்’ என்று சொல்வதற்கு முன்: புதிய துணை விமானிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இளம் துணை விமானிகளுக்கு,

வணக்கம். டைப் ரேட்டிங் (ஒரு குறிப்பிட்ட விமான வகையை ஓட்டும் தகுதி) முடித்து, சிமுலேட்டர் தேர்வுகளையும் தாண்டி, ஏ320-லோ 737-லோ ஏ.டி.ஆரிலோ வலது இருக்கைக்கு இப்போதுதான் வந்திருப்பீர்கள். உங்களைப் போன்றவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் கேப்டன்களில் நானும் ஒருவன். முன்னால் போகும் விமானம் விட்டுச்செல்லும் காற்றுச்சுழலுக்காக விட வேண்டிய வேக் டர்புலன்ஸ் இடைவெளி எவ்வளவு என்று கேட்டால் நீங்கள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறீர்கள்: எடை வகைப்படி, ஹெவிக்குப் பின்னால் ஹெவி வந்தால் 4 கடல் மைல், மீடியம் வந்தால் 5, லைட் வந்தால் 6. சரிதான். ஆனால் இறங்கும் நேரத்தில் முன்னால் போகிறவர் கண்ணெதிரே நெருங்கி வந்தாலும், ‘இன்னும் கொஞ்சம் இடைவெளி கொடுங்கள்’ என்று கன்ட்ரோலரிடம் கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. அலைவரிசையில் எல்லோரும் அவசரமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது நாம் வேறு எதற்கு இடைஞ்சல் என்று இருந்துவிடுகிறீர்கள். கேப்டனே பேசாமல் இருக்கும்போது நான் எப்படிச் சொல்வது என்று ஒரு தயக்கம் வேறு. அந்தக் கூச்சத்தைப் போக்கத்தான் இதை எழுதுகிறேன்.

அடிப்படை உங்களுக்குத் தெரியும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இறக்கைக்குக் கீழே அழுத்தம் அதிகம், மேலே குறைவு. நுனியில் காற்று கீழிருந்து மேலாகச் சுருண்டு, விமானத்துக்குப் பின்னால் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு சுழல்களாக நீள்கிறது. எடை கூடினால் அதற்கு வலு கூடும், வேகம் குறைந்தாலும் கூடும். சக்கரம் தரையில் பட்டு, இறக்கை எடையைத் தாங்குவதை நிறுத்தும் வரை அது உருவாகிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. லண்டன் ஹீத்ரோவில் இறங்கும் பாதைக்கு அடியில் குடியிருப்பவர்களிடம் கேட்டால் அதன் பலத்தைச் சொல்வார்கள். விமானம் கடந்துபோன பிறகு கூரை ஓடுகள் பெயர்ந்து வருவது அங்கே பழைய கதை. அதற்காகவே வீட்டுக் கூரைகளைப் பலப்படுத்தித் தரும் திட்டம் ஒன்றை அந்த விமான நிலையம் நடத்துகிறது.

இனி விபத்துகளுக்கு வருகிறேன். பயமுறுத்துவதற்காக இல்லை. எந்த மாதிரி நாளில் இவை நடந்தன என்று பாருங்கள்.

1972 மே 30, காலை நேரம். அமெரிக்காவின் ஃபோர்ட் வொர்த்தில் இருந்த கிரேட்டர் சவுத்வெஸ்ட் விமான நிலையம். டெல்டா நிறுவனத்தின் டிசி-9 ஒன்று பயிற்சிக்காக இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் டிசி-10 ஒன்றும் அதே பயிற்சியில் இருந்தது. ‘காஷன், டர்புலன்ஸ்’ என்று டவர் எச்சரித்தது. ஓடுபாதையை நெருங்கிய டிசி-9 பக்கவாட்டில் சாய்ந்து உருள ஆரம்பித்தது, இறக்கை தரையில் இடித்தது, உள்ளே இருந்த நால்வரும் இறந்தார்கள். விசாரணை நடத்திய தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், அதாவது என்.டி.எஸ்.பி., அறிக்கையில் ஒரு விஷயத்தைத் தெளிவாக எழுதியது. ரேடார் வழிகாட்டலில் வருகிறவர்களுக்குச் சுழலிலிருந்து கிடைத்த பாதுகாப்பு, கண்ணால் பார்த்துப் பறக்கிறவர்களுக்கு அன்றைய நடைமுறையில் கிடைக்கவில்லை. எச்சரிக்கை மட்டும் கிடைத்தது. ஆபத்து எவ்வளவு பெரியது, சுழல் எந்த இடத்தில் இருக்கிறது என்று கணிக்க அவர்களிடம் போதிய தகவல் இல்லை.

இருபது வருடம் கழித்து இதே கதை இரண்டு முறை நடந்தது. 1992 டிசம்பர் 18 அன்று மொன்டானா மாநிலம் பில்லிங்ஸில் செஸ்னா சைட்டேஷன் என்ற சிறிய ஜெட் விழுந்து எட்டுப் பேர் போனார்கள். 1993 டிசம்பர் 15 அன்று கலிஃபோர்னியாவின் சான்டா ஆனாவில் ஒரு வெஸ்ட்விண்ட் விழுந்து ஐந்து பேர் போனார்கள். இரண்டுக்கும் முன்னால் போனது போயிங் 757. அந்த விமானத்தின் உச்ச எடை ஹெவிக்கான 136 டன் எல்லையைத் தொடாது. அதனால் காகிதத்தில் அது ஹெவி இல்லை. ஆனால் அது விட்டுப்போகும் சுழல் ஹெவிக்குச் சளைத்ததில்லை என்று அந்த இரண்டு விபத்துகளுக்குப் பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. 757-க்கு என்று தனி இடைவெளி வந்தது.

சான்டா ஆனா விபத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். வெஸ்ட்விண்ட் கண்பார்வை அப்ரோச்சில், அதாவது ஓடுபாதையையோ முன்னால் போகிறவரையோ கண்ணால் பார்த்து இறங்கும் முறையில், வந்துகொண்டிருந்தது. முன்னால் போனவருக்குச் சுமார் 2 மைல் பின்னால், அவர் வந்த பாதைக்குச் சுமார் 400 அடி கீழே. முன்னால் போவது 757 என்று கன்ட்ரோலர் குறிப்பிட்டுச் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று அன்றைக்கு விதியும் இல்லை. காக்பிட் ஒலிப்பதிவைக் கேட்டால், முன்னால் ஒரு போயிங் போகிறது, அது நம்மைவிட உயரத்தில் இருப்பது போலத் தெரிகிறது, சுழல் வரலாம் என்பதெல்லாம் அந்த விமானிகளுக்குத் தெரிந்திருந்தது புரிகிறது. கிளைட் ஸ்லோப் எனும் ரேடியோ இறங்குசரிவைவிடக் கொஞ்சம் செங்குத்தாக இறங்கிச் சமாளிக்கலாம் என்றும் யோசித்திருக்கிறார்கள். இவ்வளவும் தெரிந்தவர்கள் ரேடியோவில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

இந்த மூன்றிலும் புயல் இல்லை, மழை இல்லை, மூடுபனி இல்லை. முன்னால் போகும் விமானம் கண்ணுக்குத் தெரிந்தது. அங்கேதான் பிடி நழுவியது.

கண்பார்வை அப்ரோச்சில் அடுத்தடுத்து விமானங்கள் வரும்போது, முன்னால் போகிறவர் தெரிகிறாரா என்று கன்ட்ரோலர் கேட்பார். நீங்கள் ‘டிராஃபிக் இன் சைட்’ என்பீர்கள். அவரைப் பின்தொடரச் சொல்வார், இடைவெளியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பார், முன்னவர் பெரிய வகை என்றால் ‘காஷன் வேக் டர்புலன்ஸ்’ என்று சேர்த்துக்கொள்வார். அவ்வளவுதான். நீங்கள் ஒப்பித்த 4, 5, 6 மைல் கணக்கெல்லாம் அந்த நிமிடத்தோடு கன்ட்ரோலரின் மேசையிலிருந்து உங்கள் மடிக்கு வந்துவிட்டது. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ.வின் விதிப்படி இடைவெளி போதுமா என்று பார்ப்பது விமானியின் பொறுப்பு. போதாது என்று பட்டால் கன்ட்ரோலரிடம் சொல்வதும் அதே விதியில் இருக்கிறது. ஆக, கூடுதல் இடைவெளி கேட்பது அவருக்கு நீங்கள் கொடுக்கும் தொந்தரவு இல்லை. செய்ய வேண்டிய வேலையைத்தான் செய்கிறீர்கள்.

அதனால் ‘இன் சைட்’ என்று சொல்ல அவசரப்படாதீர்கள். தெரிந்தாலும், கண்பார்வை அப்ரோச் வேண்டாம், ரேடியோ கதிர் வழிகாட்டி இறக்கும் ஐ.எல்.எஸ். போதும் என்று சொல்லலாம். ரேடார் இடைவெளி உங்களிடமே இருக்கும். இரண்டு நிமிடம் தாமதமாகும், ஆகட்டுமே.

சரி, ஐ.எல்.எஸ்ஸிலேயே வருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 3 டிகிரி சரிவில் ஒரு மைலுக்குச் சுமார் 320 அடி இறங்குகிறோம். 5 மைல் பின்னால், 140 நாட் (மணிக்கு 140 கடல் மைல்) தரைவேகத்தில் வந்தால், முன்னவர் கடந்த இடத்துக்கு நீங்கள் வர இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். சுழல் நிமிடத்துக்கு 300 முதல் 500 அடி வரை இறங்கும், போகப் போக அந்த வேகம் குறையும். இருவரும் ஒரே கிளைட் ஸ்லோப்பில் வந்தால், அவர் விட்டது உங்களுக்கு வெகு கீழே போயிருக்கும். அதனால்தான் நாள் முழுக்க ஹெவிக்குப் பின்னால் இறங்கினாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை.

அந்தப் ‘பெரும்பாலும்’ எங்கே கைவிடுகிறது என்று பாருங்கள். முதலாவது, அவர் கிளைட் ஸ்லோப்புக்கு மேலே உயரமாக வந்து, பிறகு செங்குத்தாக இறங்கியிருந்தால். அப்போது நீங்கள் சரியான சரிவில் இருந்தும் அவருடைய பாதைக்குக் கீழே இருப்பீர்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வழிகாட்டும் திரையான நேவிகேஷன் டிஸ்ப்ளேயில், மோதல் தவிர்ப்புக் கருவியான டி-காஸ் காட்டும் வைரக்குறியைப் பாருங்கள். அதன் கீழே இருக்கும் எண், அவர் உங்களைவிட எத்தனை நூறு அடி கீழே இருக்கிறார் என்று காட்டும். 5 மைல் முன்னால் அதே சரிவில் இருப்பவர் சுமார் 1,600 அடி கீழே இருக்க வேண்டும், அதாவது -16. அங்கே -11 என்று இருந்தால் அவர் உங்கள் சரிவுக்கு 500 அடி மேலே போய்க்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அவர் விட்ட சுழல் இறங்கி உங்கள் பாதைக்கு வர நேரம் இருக்கிறது. மைலை மூன்றால் பெருக்கினால் கிட்டத்தட்ட அந்த எண் வந்துவிடும், மனக்கணக்கே போதும். டி-காஸ் இடைவெளியைப் பராமரிக்கும் கருவி இல்லை, அதை வைத்து நீங்களாகத் திரும்பவோ ஏறவோ கூடாது. கேள்வி கேட்க ஒரு காரணம் கொடுக்கும், அவ்வளவே.

அடுத்தது காற்று. ஏர்பஸ்ஸில் அதே திரையின் இடது மேல் மூலையில் ஒரு சின்ன அம்பும் இரண்டு எண்களும் இருக்கும். இறங்கும்போது அதை நீங்கள் யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை, 25 நாட் பக்கக் காற்று என்றால் மட்டும் பார்க்கிறீர்கள். பலமான காற்றில் சுழல் சீக்கிரம் கலைந்துவிடும். இந்த விஷயத்தில் பயப்பட வேண்டியது 3, 4 நாட் காட்டும்போது. தரைக்குச் சில நூறு அடிக்குள் வந்த சுழலுக்குக் கீழே போக இடமில்லை. இரண்டும் பக்கவாட்டில் விலகி 2, 3 நாட் வேகத்தில் நகரும், சில சமயம் திரும்ப மேலேயும் எழும்பும். அந்த நேரத்தில் மெல்லிய பக்கக் காற்று அடித்தால், காற்று வரும் பக்கத்துச் சுழல் நகர முடியாமல் ஓடுபாதையின் மேலேயே நின்றுவிடும். மெல்லிய வால்காற்று சாய்வாக அடித்தால் இன்னும் மோசம். பாதையில் பின்னால் இருந்த சுழலை அது தரைதொடும் இடத்தை நோக்கித் தள்ளிக்கொண்டு வரும். விடிந்தும் விடியாத அமைதியான காலை, எல்லோரும் ஆசைப்படும் ஸ்மூத் லேண்டிங் வானிலை. ஹெவிக்குப் பின்னால் வருகிறீர்கள் என்றால் அந்த அமைதியை நம்பாதீர்கள்.

மூன்றாவது வேகம். 5 மைல் என்று கன்ட்ரோலர் கணக்காகப் பிரித்துவைக்கிறார். முன்னவர் கடைசி 4 மைலில் 135-க்குக் குறைக்கிறார், நீங்கள் பின்னால் இன்னும் 160-இல் வருகிறீர்கள். இடைவெளி தானாகச் சுருங்கும். 2008 நவம்பர் 4 இரவில் மெக்சிகோ சிட்டியில், போயிங் 767 ஒன்றுக்குப் பின்னால் இறங்க வந்த லியர்ஜெட் 45-க்கு வேகத்தைக் குறைக்கச் சொன்னார்கள். குறைப்பதில் தாமதமானது, 5 மைல் இருக்க வேண்டிய இடத்தில் அதற்கும் குறைவாக வந்தது. சுழலில் சிக்கி நகரத்துக்குள் விழுந்தது. உள்ளே இருந்த ஒன்பது பேரும் தெருவில் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். நாட்டின் உள்துறை அமைச்சர் அந்த விமானத்தில் இருந்ததால் சதி என்றெல்லாம் பேச்சு எழுந்தது. விசாரணையில் வந்ததோ வேகமும் இடைவெளியும். கன்ட்ரோலர் வேகத்தைக் குறைக்கச் சொன்னால் அந்த நொடியே குறையுங்கள். சொல்லாவிட்டாலும் ‘வேகத்தைக் குறைத்துக்கொள்ளட்டுமா’ என்று கேளுங்கள்.

ஏ.டி.ஆரில் பறக்கிற தம்பி தங்கைகளுக்குத் தனியாக ஒன்று. பழைய வகைப்பாட்டில் 7 டன்னுக்கு மேல், 136 டன்னுக்குக் கீழ் எல்லாமே மீடியம். உங்கள் ஏ.டி.ஆர். 72 சுமார் 23 டன். ஏ321நியோ 97 டன் வரை போகும். தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு வரும் நீங்களும் உங்களுக்கு முன்னால் இறங்கும் ஏ321-ம் அட்டவணையில் ஒரே பெட்டி. மீடியத்துக்குப் பின்னால் மீடியம் என்பதால் வேக் இடைவெளி என்று தனியாக எதுவும் கிடையாது, ரேடாரின் குறைந்தபட்ச இடைவெளிதான். விதி உங்களுக்கு எதுவும் தரவில்லை என்பதால் நீங்கள் கேட்கக் கூடாது என்று இல்லை. கேளுங்கள். கேட்டு மறுத்த கன்ட்ரோலரை நான் பார்த்ததில்லை. ‘கொஞ்சம் சுற்றி வாருங்கள்’ என்பார்கள். சுற்றி வாருங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஒருநாள் சுழலுக்குள் மாட்டத்தான் செய்வீர்கள். எப்படித் தெரியும்? பெரும்பாலும் முதலில் உருளல். போயிங்கில் ஆட்டோபைலட் கன்ட்ரோல் வீலைத் திருப்புவது கண்ணுக்குத் தெரியும். ஏர்பஸ்ஸில் சைட்ஸ்டிக் அசையாது, அடிவானம் சாய்வதுதான் முதல் தகவல். ஒரு பக்கம் 10, 15 டிகிரி சாய்ந்து, சுழலின் மறுபக்கத்துக்கு வந்ததும் எதிர்ப்பக்கம் சாயும். நீங்கள் முதல் சாய்வுக்குக் கொடுத்த திருத்தம், இரண்டாவது சாய்வு வரும் நேரத்தில்தான் வேலை செய்யத் தொடங்கும். சுழல் உருட்டுவதோடு நீங்களும் சேர்ந்து உருட்டுவீர்கள். உயரத்தில் இருக்கும்போது ஆட்டோபைலட்டை அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். கழன்றுவிட்டால் இறக்கையைச் சமப்படுத்த, இறக்கை நுனிப்பக்கம் இருக்கும் எய்லரான் மடல் போதும், அளவாக, ஒரே பக்கமாக. கால் சும்மா இருக்கட்டும்.

கால் ஏன் சும்மா இருக்க வேண்டும் என்பதற்கு 2001 நவம்பர் 12-ஐப் படியுங்கள். நியூயார்க் ஜே.எஃப்.கே.யிலிருந்து ஜப்பான் ஏர்லைன்ஸின் 747-க்குப் பின்னால் கிளம்பிய அமெரிக்கன் 587, ஏ300 விமானம். கிளம்பும்போது நடந்ததுதான், ஆனாலும் இறங்கும் நமக்கும் பொருந்தும். சுழலில் பட்டதும் விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்த துணை விமானி, வால் சுக்கானை இயக்கும் ரடர் பெடலை இடமும் வலமுமாக மாறி மாறி முழுக்க மிதித்தார். செங்குத்து வால் பிய்த்துக்கொண்டு போனது. விமானத்தில் இருந்த 260 பேர், தரையில் ஐந்து பேர். விமானத்தை அப்படியே விட்டிருந்தால் அந்தச் சுழல் அதை ஒன்றும் செய்திருக்காது. அவரை மட்டும் குறை சொல்லி முடிக்கவும் முடியாது. அந்த விமானத்தின் ரடர் அமைப்பும், அந்த நிறுவனம் கொடுத்த பயிற்சியின் சில பகுதிகளும் காரணத்தில் பங்கு வகித்தன என்று என்.டி.எஸ்.பி.யே எழுதியது. பெரிய உருளலைச் சமாளிக்க ரடரையும் பயன்படுத்தலாம் என்று சொல்லிக்கொடுத்தால், பயந்த நேரத்தில் கால் அதைத்தான் செய்யும்.

தரைக்கு அருகில் என்றால் யோசனையே வேண்டாம். 500 அடிக்குக் கீழே உருண்டு, ஒரு நொடியில் நேராகவில்லை என்றால் கோ-அரவுண்ட், அதாவது இறங்காமல் மறுபடி ஏறுங்கள். ‘சரியாகிவிட்டது, இறக்கிவிடலாம்’ என்பது அந்த உயரத்தில் எடுக்கும் முடிவு இல்லை. அடுத்த சுழல் அங்கே நின்றுகொண்டிருக்கலாம். நீங்கள் ஓட்டாமல் கண்காணித்துக்கொண்டிருந்தாலும் சரி, பெரும்பாலான நிறுவனங்களின் நடைமுறையில் ‘கோ-அரவுண்ட்’ என்று இருவரில் யாரும் சொல்லலாம், சொன்னால் ஏற வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சுழலுக்குப் பயந்து, கிளைட் ஸ்லோப் அளவுகோலில் ஒரு டாட் (புள்ளி), இரண்டு டாட் மேலே பறந்து இறங்குகிறேன் என்று கிளம்பாதீர்கள். சிறிய விமானங்களுக்கு, முன்னவரின் பாதைக்கு மேலே வா, அவர் தரைதொட்ட இடத்தைத் தாண்டி இறங்கு என்று சொல்லிக்கொடுப்பார்கள். 3 கிலோமீட்டர் ஓடுபாதையில் ஒரு செஸ்னாவுக்கு அது அருமையான அறிவுரை. நமக்கு 1,000 அடியில் எல்லாம் நிலைப்பட்டிருக்க வேண்டும், தரைதொடும் பகுதிக்குள் இறங்க வேண்டும். ஈர ஓடுபாதையில் நீளமாக இறங்கிக் கடைசியில் சேற்றில் நிற்பது நம் நாட்டில் எத்தனை முறை நடந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். கால் டாட் மேலே இருப்பதில் தவறில்லை. அதற்கு மேல் வேண்டும் என்று தோன்றினால் உங்களுக்கு வேண்டியது உயரம் இல்லை, தூரம். அதை ரேடியோவில்தான் வாங்க வேண்டும்.

இனி வரும் வருடங்களில் இது இன்னும் அவசியமாகும். 2012-இல் மெம்ஃபிஸில் தொடங்கி, விமானங்களை இன்னும் நுணுக்கமாகப் பிரித்து இடைவெளியைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். 2020-இல் ஐ.சி.ஏ.ஓ.வே ஏழு பிரிவுகளைக் கொண்டுவந்தது. ஹீத்ரோவில் 2015 முதல் எதிர்க்காற்று பலமாக இருக்கும்போது மைலுக்குப் பதில் நேரத்தை வைத்துப் பிரிக்கிறார்கள். லேசர் கொண்டு சுழல்களை அளந்து, காற்றில் அவை சீக்கிரம் கலைவதை உறுதிசெய்த பிறகு செய்தது அது. நான் அதை எதிர்க்கவில்லை, நல்ல அறிவியல். ஆனால் பழைய இடைவெளியில் கொஞ்சம் தாராளம் இருந்தது. நம்முடைய அசட்டையையும் அது சேர்த்துத் தாங்கிக்கொண்டது. புதிய அளவுகளில் அந்தத் தாராளம் குறைவு.

சுழலில் பட்டால் அறிக்கை எழுதுங்கள். ‘லேசாக ஆடியது, பயணிகள் யாரும் கேட்கவில்லை’ என்று விட்டுவிடாதீர்கள். முன்னால் போனது எந்த விமானம், எத்தனை மைல், உங்கள் உயரம், கிளைட் ஸ்லோப்பில் எங்கே இருந்தீர்கள், காற்று எவ்வளவு, எத்தனை டிகிரி உருண்டது, ஆட்டோபைலட் இருந்ததா. இத்தனையும் எழுதினால்தான் பிரயோஜனம். மீடியத்துக்குப் பின்னால் மீடியம் விஷயத்தில் அப்படி எழுதியவர்கள் குறைவு என்பது என் ஆதங்கம்.

கேட்பது எப்படி என்று சிலர் கேட்டீர்கள். நீட்டி முழக்க வேண்டாம். ‘ரிக்வெஸ்ட் டூ மோர் மைல்ஸ், வேக் டர்புலன்ஸ்.’ அவ்வளவே. பக்கத்தில் இருக்கும் கேப்டன் முகத்தைத் திருப்பினால், ‘கேப்டன், முன்னால் ட்ரிபிள் செவன் (போயிங் 777), காற்று 3 நாட், டி-காஸ்ஸில் -11 காட்டுகிறது’ என்று இந்த மூன்றையும் சொல்லுங்கள். நல்ல கேப்டன் என்றால் மைக்கை அவரே எடுப்பார். அப்போதும் ‘பரவாயில்லை, பார்த்துக்கலாம்’ என்றால், 1,000 அடி வரும் வரை இன்னும் ஒருமுறை சொல்ல உங்களுக்கு நேரம் இருக்கிறது.

அன்புடன்,
இடது இருக்கையிலிருந்து ஒருவன்